கெங்கவல்லி என்ற கோழி

இந்த நேரத்தில் குழுவில் செய்தி போட்டு உங்களை எழுப்பிவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். பாப்பாவின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம். வளர் அக்காவைப் பற்றி நம் ஆசிரியர் அறைக் குழுவில் எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நான்தான் எழுதவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்காமல் இருந்ததற்கு நன்றி. கேட்டிருந்தால், என் மகள் இனியாவிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பொய்யைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இன்று சாயங்காலம் அந்தப் பொய்யை எங்கேயோ யாரோ கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்த மத்தியானம் நான் தெருமுனையில் இனியாவின் பள்ளி வேனுக்காகக் காத்திருந்தேன். நம் ஹசீனா சேலத்திலிருந்து அழைத்தாள். எடுத்தவுடன் "என்னடி இன்னிக்கு சமையல்?" என்று கேட்பவள், அன்று அதைக் கேட்கவில்லை. "நந்து, ரோட்டுல நிக்கிறியா? ஓரமா வந்துரு" என்றாள். "வளர் அக்கா மவுத்தாயிட்டாங்கடி. அங்கயே. காய்ச்சலாம். மூணே நாளாம்."

"வளர் அக்காவா? நம்ம வளர் அக்காவா?" என்று நான் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அதற்குள் வேன் வந்து நின்று, ஆயாம்மா இனியாவை இறக்கிவிட்டு, "புடிங்க கண்ணு, பையைப் புடிங்க" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். இனியா என் முந்தானையை இழுத்தாள்.

"போன்ல ஆரும்மா? வளர் பெரிம்மாவா?"

"ஆமா."

"கோழி கெடச்சுதாமா?"

"நாளைக்குச் சொல்றாங்களாம் சாமி."

என் வாயில் வந்தது அவ்வளவுதான். இருபத்தாறு நாளாகிறது. அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை.

அக்கா வேலையை விட்ட பிறகு பள்ளியில் சேர்ந்தவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால், தெரிந்த கதையையே சொல்கிறாளே என்று மற்றவர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். வளர்மதி அக்கா நம் பள்ளியில் ஏழு வருஷம் இயற்பியல் எடுத்தார். திருச்செங்கோட்டுக்காரர். அப்பா ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். நான் கெங்கவல்லிப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் இவ்வளவு 'ங்க' கிடையாது. அக்காவோ ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் 'ங்க' போடுவார். ஆசிரியர் அறைக்குள் நாய் வந்தால், "வெளிய போங்க, இங்க டீச்சருங்க இருக்கறாங்க" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கணினி அறையில் பாதி இயந்திரம் ஓடாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு ராடு எறக்கிப் பாக்கலாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. போர் போடும்போது, போட்ட ஆழத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நிறுத்துவதா, துளைக்கும் குழாயில் இன்னும் ஒன்றைச் சேர்த்து இறக்குவதா என்று வண்டிக்காரர் தோட்டத்துக்காரரைக் கேட்பாராம். வண்டிக்காரரான அவர் அப்பா ஒருநாளும் நிறுத்தலாம் என்று சொன்னதில்லையாம். அன்று சாயங்காலம் வரை என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு இயந்திரமாகத் திறந்தார். பதினெட்டில் பதினாறு ஓடின.

பிறகு ஒருநாள், "சுவத்துல தேசப்படம் பாத்தது போதுமுங்க" என்று சொல்லிவிட்டு ராஜினாமா கொடுத்தார். நாடு நாடாகப் போனார், சுற்றுலாவாக இல்லை. போகிற இடத்தில் வேலை செய்வார். அதற்கு அங்கே படுக்க இடமும் சாப்பாடும் கொடுப்பார்கள். நேபாளத்து மலைப் பள்ளி ஒன்றில் ஆரம்பித்தது, மூன்று வருஷம் ஓடியது. வாரத்தில் இரண்டு மூன்று முறை எனக்குக் குரல்செய்தி வரும். ஜார்ஜியாவில் திராட்சைத் தோட்டத்தில் இருந்தபோது வந்ததை இந்தக் குழுவிலும் போட்டேன், நினைவிருக்கிறதா? அங்கே விருந்தில் ஒவ்வொருவராக எழுந்து, கோப்பையைத் தூக்கிப் பிடித்து, ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். அக்கா கையில் திராட்சைச் சாறு.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க நந்து. எங்கப்பா வண்டி முன்னாடி கற்பூரம் காட்டிட்டுச் சொல்வாரே, அதுதான் வாயில வந்துச்சு. பூமித்தாயே, தண்ணியக் குடுத்துரு தாயேன்னு கத்திட்டேன். ஒரு பொண்ணு அதை அவங்க மொழியில மாத்திச் சொன்னா. எதிர்ல ஒரு பெரியவரு, மீசையெல்லாம் வெள்ளை, பொலபொலன்னு அழுகறாருங்க. ரெண்டு வருசமா அவரு கெணத்துல தண்ணி இல்லையாம்."

மறுநாள் ஊரே திரண்டு அக்காவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டது. பிசிக்ஸ் டீச்சர் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நம் ஊரில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார்கள் அல்லவா, தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் என்று. அந்த ஊரில் தேங்காய்க்கு எங்கே போவது? அக்கா ஒரு பெரிய ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார். பின்னால் நாற்பது பேர், மூச்சுக் காட்டாமல்.

"நிக்கவே மாட்டேன்னுருச்சுங்க ஆப்பிளு. உருண்டுக்கிட்டே போகுது. நானும் பின்னாடியே போறேன்."

"தண்ணி வந்துச்சாக்கா?" என்று கேட்டு அனுப்பினேன்.

"வந்துச்சுங்க. ராத்திரி மழையா."

அப்போது எப்படிச் சிரித்தோம். இப்போது அதே செய்தியைக் கேட்டால், அக்கா சிரித்து முடித்த பின் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. முன்பு அது இருந்ததா என்று தெரியவில்லை. முன்பு அவ்வளவு தூரம் கேட்டதில்லை.

ஆப்பிரிக்காவில், மலாவியில் நடந்த பூசணிக்காய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் அடிபம்புகளைப் பழுது பார்க்கும் குழுவோடு அக்கா இருந்தார். புதிதாக ஒரு போர் போட வண்டி வந்த நாளில், அவர் ரத்தம் சும்மா இருக்குமா? பொட்டு வைத்து, கற்பூரத்துக்குப் பதில் மெழுகுவத்தி ஏற்றி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார். அதுவரை எல்லோரும் ஆவலோடு பார்த்திருக்கிறார்கள். பிறகு சந்தையில் வாங்கி வைத்திருந்த பெரிய பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, மூன்று சுற்று சுற்றி, வண்டி முன்னால் ஓங்கிப் போட்டு உடைத்தார். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்ததாம், யாரோ விழுந்துவிட்டதைப் பார்த்ததுபோல. அந்த வருஷம் அங்கே விளைச்சல் இல்லை. அந்தக் காய் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் சாப்பாடு.

"நான் நின்ன எடத்துலயே நின்னுட்டேனுங்க. பொம்பளைங்க எல்லாம் வந்தாங்க. திட்டல. குனிஞ்சு ஒவ்வொரு துண்டா பொறுக்கி, மண்ணை ஊதி, பாத்திரத்துல போட்டுட்டுப் போனாங்க. சாயங்காலம் அதையே அவிச்சு, கடலைப் பொடி போட்டு, மொதல் தட்டு எனக்குக் குடுத்தாங்க. மண்ணு நறநறங்குது. முழுசாத் தின்னேன்."

அதன் பிறகு அந்த ஊரில் அவருக்குப் பெயர் பூசணிக்காரி. அவரைக் கடந்து போகிறவர்கள் தலையைக் கையால் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல நடிப்பார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார். ஆனால் கடைசியில், "இனி எதையும் ஒடைக்கறதில்லீங்க" என்றார்.

இனி நான் எழுதத் தயங்கியதை எழுதவேண்டும்.

இந்தக் கோடையில் அக்கா மூன்று வாரம் ஊருக்கு வந்திருந்தார். ராசிபுரம் வந்து இனியாவைப் பார்க்கிறேன் என்றார். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாப்பா ஏழு மாதத்தில் பிறந்தவள். இரண்டு வயது வரை யாரையும் தொட விட்டதில்லை. தும்மினால்கூட கூகுளில் தேடுகிறவள் நான். மலாவி, மலேரியா என்று நானாகவே ஏதேதோ படித்து வைத்திருந்தேன். "இந்த வாரம் வேண்டாங்க்கா, பாப்பாவுக்குச் சளி" என்றேன். சளி இல்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா சொல்லாமலேயே வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலீங்க. பாப்பாவ இங்கிருந்து பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திறக்கவில்லை.

இனியா அப்போதுதான் வாங்கின மூன்று சக்கர சைக்கிளோடு ஓடினாள். அக்கா பையிலிருந்து எலுமிச்சம்பழம் மூன்றை எடுத்து, கம்பி வழியே கையை நீட்டிச் சக்கரத்தடியில் ஒவ்வொன்றாக வைத்தார். "புது வண்டிங்களே, பூசை போடாம ஓட்டலாமுங்களா? ம், ஏறுங்க சாமி. மிதிங்க." பழங்கள் நசுங்கின. இனியா கத்திச் சிரித்தாள். கம்பிக்குள் வந்திருந்த அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கால் மணி நேரம் இருந்திருப்பார். வாரேனுங்க என்று திரும்பி நடந்தார். அவர் தெருமுனையை அடைவதற்குள் நான் பாப்பாவின் கையைப் பிடித்துச் சானிடைசர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை அசைத்தார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குரல்செய்தி வந்தது. "கையத் தொடச்சது நல்லதுதாங்க நந்து. நானா இருந்தா கேட்டையும் சேத்துக் கழுவியிருப்பேன்." அவ்வளவுதான். குரலில் கோபம் இருக்கிறதா என்று நூறு முறை கேட்டிருப்பேன். இல்லை. நான் பதில் போடவில்லை. என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டே இரண்டு மாதம் போய்விட்டது. மலாவிக்குத் திரும்பிப் போன அக்காவின் செய்திகள் அதன் பிறகும் வந்தன. ஆனால் எனக்கு இல்லை, இனியாவுக்கு.

அவற்றில் கடைசியாக வந்ததுதான் கோழிக் கதை. எந்த ஊர் என்று யாரோ கேட்க, நாமக்கல் பக்கம், இந்தியாவின் பாதி முட்டை எங்களுடையது என்று அக்கா பெருமையாகச் சொல்லிவைத்தார். உடனே கிராமத்துக் கோழிக்கொட்டகையை அவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கோழி பறந்து வந்தால் மேசை மேல் ஏறி நிற்கிறவர் அவர். "நாமக்கல்லுன்னு சொன்னது பெரிம்மா தப்புங்க இனியா. இப்ப ஆறு கோழி, ஒரு பெரிம்மா. ஆரு ஆர மேய்க்கறாங்கன்னே தெரியல." கோழிகளுக்கு நம் பேருந்து நிறுத்தங்களின் பெயர் வைத்திருந்தார். மோகனூர், சேந்தமங்கலம், ராசிபுரம் என்று. கறுப்பாக, எப்போதும் பயந்து மூலையில் ஒதுங்கும் ஒன்றுக்கு என் ஊர்ப் பெயர்: கெங்கவல்லி. அந்தக் கெங்கவல்லி இரண்டு நாளாகக் காணவில்லை. "பெரிம்மாவுக்குக் கொஞ்சம் ஒடம்பு சுடுதுங்க. ஆனா டார்ச்ச எடுத்துக்கிட்டு இன்னொருக்கா தேடிப் பாக்கறேன். நாளைக்குச் சொல்றேன், செரிங்களா?" பேச்சு முடிந்த பின் நான்கு விநாடி அப்படியே ஓடுகிறது. காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அக்காவின் உடல் வைத்த பெட்டி திருச்செங்கோட்டுக்கு வந்தபோது நான் போகவில்லை. அன்று இனியாவுக்கு உண்மையாகவே காய்ச்சல். உங்களில் சிலர் நம்பவில்லை என்று தெரியும். நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். காரியம் முடிந்த பிறகு தனியாகப் போனேன். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீதான் நந்துவா சாமி? உன் புள்ளையப் பத்தித்தான் பேசிட்டே இருப்பா. கேட்டுக்கு வெளிய நின்னு சைக்கிளுக்குப் பூசை போட்ட கதையச் சொல்லி அப்பிடிச் சிரிச்சா."

அவர் அதைச் சிரிப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. அக்காவின் பையை எனக்குத் திறந்து காட்டினார்: நான்கு சுடிதார், ஒரு நோட்டு, துணியில் முடிந்த பூசணி விதை ஒரு கைப்பிடி. கிராமத்துப் பெண்கள் கொடுத்தனுப்பியது. "பெட்டி வந்துச்சு, பையி வந்துச்சு. போனு மட்டும் வரலீங்க. எங்க கெடக்குதோ." விதையில் பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, வாசலில் நின்ற ரிக் வண்டியைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "அவிய அப்பா இப்பல்லாம் வண்டிக்குப் பூசணி ஒடைக்கறதில்லீங்க. கற்பூரம் மட்டும் காட்டிட்டு, காயை ஆரு ஊட்டுக்காச்சும் குடுத்துட்டு வந்துடறாருங்க."

இனியா தினமும் கேட்கிறாள். "அம்மா, பெரிம்மா பேசுனாங்களா? கெங்கவல்லி கெடச்சுதா?" பழைய செய்திகளைப் புதியதுபோலப் போட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள், "இது ஆப்பிள் கதை, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். பிறகு என் கைப்பேசியை எடுத்துத் தானே பேசி அனுப்பத் தொடங்கினாள். "பெரிம்மா, நான் இனியா. கோழி கெடச்சுதா? மரத்து மேல பாத்தீங்களா?" நான் தடுக்கவில்லை. அக்காவின் எண் அணைந்து கிடந்தது. ஒற்றைக் குறியோடு செய்திகள் நின்றன. போகாத இடத்துக்குப் போகிற செய்தியால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன். அப்படிப் பத்து போயிருக்கின்றன. பதினொன்றாவது என்னுடையது. திருச்செங்கோட்டிலிருந்து திரும்பி வந்து, கேட்டைத் திறக்கும்போது, அங்கேயே நின்று பேசினேன்.

இன்று சாயங்காலம் இனியாவுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள்தான் திரையைக் காட்டினாள். பதினொன்றுக்கும் இரண்டு குறி விழுந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் செய்தியின் மைக் குறி நீலமாக மாறியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது. யாரோ, எங்கேயோ, என் மகளின் குரலை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பெரிம்மா கேக்கறாங்க! பெரிம்மா கேக்கறாங்க!" என்று இனியா வாயில் தோசையோடு குதித்தாள். என் கையிலிருந்து தட்டு விழுந்துவிட்டது. பத்து நீலமானது. அதோடு நின்றுவிட்டது. கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. என்னுடையது இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. இதை எழுதும் நேரத்தில் ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன்.

பேய் பிசாசு என்று நான் சொல்ல வரவில்லை. யாரோ அந்தக் கைப்பேசியைக் கண்டெடுத்து மின்னேற்றியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பத்துக் குறி மாறும்வரை, இனியா நம்பியதை நானும் நம்பினேன். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இருபத்தாறு நாளும் பொய் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது. பொய் குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தாங்கிக்கொள்வாள். தாங்காதது நான்.

காலையில் வேன் வருவதற்கு முன் இனியாவிடம் சொல்லிவிடப் போகிறேன். முதலில் அழுவாள். அழுது முடித்ததும் கோழியைக் கேட்பாள். எனக்கு என் மகளைத் தெரியும். "கெடச்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்கிறார் வீட்டுக்காரர். முடியவில்லை. அக்கா அவளுக்கு ஒரு கதையையும் இட்டுக்கட்டிச் சொன்னதில்லை. ஆப்பிள் நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை என்றுதான் சொன்னார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: மூன்று வருஷத்துக் குரல், வெளிநாட்டு விதை ஆயிற்றே, என்ன நோய் இருக்குமோ என்று பயந்து இன்னும் ஊன்றாமல் பிஸ்கட் டப்பாவில் மூடி வைத்திருக்கும் பூசணி விதை, ஒரு காரியத்தைக் கைவிடப் போகும்போதெல்லாம் பின்னால் நின்று யாரோ "இன்னொரு ராடு எறக்கிப் பாக்கலாங்க" என்பது. இந்தக் கடிதம் அந்த இன்னொரு ராடு.

அக்காவின் கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அல்லது அந்தக் கிராமத்தில் அவரோடு வேலை செய்த யாருடைய எண்ணாவது தெரியுமா? ஹசீனா, அக்கா இறந்த செய்தியை உனக்குச் சொன்ன பெண்ணிடம் கேட்க முடியுமா? கைப்பேசி யார் கையில் இருந்தாலும் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லுங்கள். கறுப்புக் கோழி ஒன்று திரும்பி வந்ததா என்று மட்டும் கேளுங்கள். கடைசிச் செய்தி குழந்தையுடையது இல்லை, அதையும் கேட்டுவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதில் பெரிதாக ஒன்றுமில்லை. "உள்ள வாங்கக்கா, கேட்டு தெறந்துதான் இருக்குது" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

விழித்திருக்கிறேன். ஏழரைக்கு வேன் வந்துவிடும். தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.

நந்தினி